பஞ்சு கதவைச் சாத்திக்கொண்ட விவரம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இதற்கு அடுத்த வரியில் வீட்டில் உள்ள மற்றவர்களின் நலத்தையும் எழுதுவதுதான் மரியாதை. அந்த ஒரு வரியை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கமாட்டீர்கள் என்றும் எனக்குத் தெரியும். நீங்கள் எதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கடிதம் எழுதுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் நீங்கள் கூப்பிட்டு, "பஞ்சு நல்லா இருக்கா மாமா?" என்று கேட்கிறீர்கள். "ஜம்முனு இருக்கு மாப்பிள்ளை" என்கிறேன். "சரிங்க மாமா" என்கிறீர்கள். அதற்கப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த மூச்சுக்கு நடுவில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்து மூடியிருக்கிறேன். என் வாயில் இருக்கிற பல்செட் நீங்கள் உங்கள் கையால் அளவெடுத்து, ராவி, மெருகேற்றிச் செய்து கொடுத்தது. உங்கள் பல்லை வைத்துக்கொண்டே உங்களிடம் பொய் சொல்கிறேன் என்று நினைத்தால் ஈறு வலிக்கிறது. ஆகவே விஷயத்தை நேராக எழுதிவிடுகிறேன். பஞ்சு மண்ணுக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டுவிட்டது. வெளியே வரவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. இருக்காது என்றுதான் தோன்றுகிறது. காரணம் நான்தான்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். உங்களுக்கு வேலை மாற்றலாகி நீங்கள் இருவரும் கிளம்புகிற அன்று அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கூடத்து மேஜைமேல் வைத்தீர்கள். புது வீட்டுக்காரர் நாய், பூனை எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "எட்டுக்கால் கூடாதுன்னு அவர் சொல்லவே இல்லியே" என்று எங்கள் மகள் வாதாடிப் பார்த்தாள். நீங்கள் நேர்மையான ஆள், ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் ரோமத்தோடு, டரன்டுலா என்கிற பெருஞ்சிலந்தி ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் அத்தை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். "வேலில போற ஓணானை எடுத்து மடில விட்டுக்கிட்ட கதையா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனவள்தான், நீங்கள் கிளம்பும் வரைக்கும் வெளியே வரவில்லை. அதற்குப் பஞ்சு என்று பேர் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும், "பஞ்சாம் பஞ்சு. தலையணைல வச்சுத் தைக்கச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

அதற்கு அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. நீங்கள் பேசினீர்கள். கல்யாணமான நாள் முதல் நீங்கள் என்னிடம் பேசிய பேச்சையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். "வாங்க மாமா", "போதுங்க மாமா", "சரிங்க மாமா". பல்செட்டுக்கு அளவெடுத்தபோதுகூட "ஆ" என்றதோடு சரி, அதுவும் நான் சொல்ல வேண்டியதைத்தான் நீங்கள் சொன்னீர்கள். அப்படிப்பட்டவர் நாற்காலியை இழுத்துப் பெட்டி பக்கத்தில் போட்டுக்கொண்டு, கையை ஆட்டி, விரலால் அளவு காட்டி, நடுநடுவே சிரித்து, அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம மாப்பிள்ளைக்கு இவ்வளவு பேச வருமா, குரல் எவ்வளவு கணீரென்று இருக்கிறது, சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழுகிறதே, இத்தனை நாளாக இதைக் கவனிக்காமல் போனோமே என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "புரிஞ்சுதா மாமா?" என்றீர்கள். "நல்லாப் புரிஞ்சுது மாப்பிள்ளை" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் பேசுகிறீர்கள் என்கிற சந்தோஷத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

மறுபடி கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க மனசு வரவில்லை. இவ்வளவு நாள் கழித்து ஒரு மனுஷர் நம்மை நம்பி வாயைத் திறந்திருக்கிறார், இந்த ஆளிடம் பேசியும் பிரயோஜனமில்லை என்று திரும்பவும் மூடிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். அதோடு கொஞ்சம் திமிரும் இருந்தது. நான் கட்டட வேலையில் கொத்தனாராக நுழைந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். இரண்டையும் பண்ணிப் பார்த்தவனுக்கு ஒரு பெட்டி மண்ணைப் பற்றி இன்னொருவர் சொல்லித் தர வேண்டுமா என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் மாப்பிள்ளை.

நீங்கள் போன மறுநாள் காலை பார்க்கிறேன், பெட்டியின் ஒரு மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பாதிச் சட்டிக்குக் கீழே பெரிய பள்ளம். தோண்டிய மண்ணெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்துக்குள். திறந்து கிடக்கிற பள்ளத்தைப் பார்த்தால் என் தொழில்காரனுக்குச் சும்மா இருக்க முடியாது, யாராவது விழுந்து வைப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். நீளக் கரண்டியால் பள்ளத்தை மூடி, கரணையால் மட்டம் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நின்ற பிறகுதான் டீ குடிக்கப் போனேன். அடுத்த நாள் காலையில் அதே இடத்தில் அதே பள்ளம். மறுபடி மூடினேன். மறுபடி தோண்டியது. நான் கரண்டியோடு மூடியைத் திறந்தாலே முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்னங்காலால் தன் வயிற்றை வரட் வரட்டென்று தேய்க்கும். பாவம், அதற்கு அரிக்கிறது என்று இரக்கப்பட்டேன். அரித்தது எனக்கு. அதன் ரோமத்தை என்மேல் உதிர்த்துவிடுகிறது என்பது முழங்கை வரைக்கும் சிவந்து தடித்த பிறகுதான் தெரிந்தது. என் வேலைக் காலத்தில் எத்தனையோ ஆட்கள் எத்தனையோ விதமாக எதிர்ப்புக் காட்டியிருக்கிறார்கள், மயிரைப் பிடுங்கி மேலே எறிந்தவர் யாரும் இல்லை.

"அது வீட்டை அது கட்டுது, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று உங்கள் அத்தை சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள்.

"அனுமதி வாங்காமத் தோண்டுதே" என்றேன்.

"நீங்க இந்த வீட்டுக்கு மாடிப்படி மாத்தினப்போ யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

கரண்டியைக் கீழே வைத்தேன். மூடுவதை விட்டுவிட்டேன். தோண்டட்டும், ஆனால் முறையாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பஞ்சு தோண்டுகிற அழகைப் பார்த்தால் நீங்களும் அசந்துபோவீர்கள், இல்லை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணை முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே உருண்டையாகத் திரட்டி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய், ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பி வரும். கூலியும் கேட்பதில்லை, நடுவே புகைபிடிக்கவும் போவதில்லை. இவ்வளவு பாடுபடுகிறதே, பக்கச்சுவர் சரிந்து மண் மேலே விழுந்தால் என்ன ஆவது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் புதிதாகக் கான்கிரீட் போட்டால் காலையும் மாலையும் தண்ணீர் விட்டு ஊறவைப்போம், கியூரிங் என்பது அதற்குப் பேர், அது இல்லாவிட்டால் என்ன நல்ல சிமென்டானாலும் வெடித்துப்போகும். அதையே இங்கேயும் செய்தேன். உங்கள் அத்தை இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற குப்பியை எடுத்து, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஒரு நாள் தவறாமல் மண்ணை நனைத்தேன். நானாகத்தான் செய்தேன், யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் பஞ்சு தோண்டுவதை நிறுத்திவிட்டது. தரையில் கால் வைக்கவே பிடிக்காத மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. அப்புறம் கண்ணாடிச் சுவரில் ஏறத் தொடங்கியது. வழவழ கண்ணாடியில், கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பிடிமானமும் இல்லாமல் சரசரவென்று ஏறி, மூடியின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கியது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அஸ்திவார வேலை முடிந்தது, மேல் மாடிக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் அத்தை மட்டும், "மண்ணு சொதசொதன்னு இருக்குங்க. காயட்டும். தண்ணி விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மண்ணைப் பற்றி எனக்கே பாடமா, சமையல்கட்டோடு நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவள் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் பால்கனிக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் துணி காயப்போட அவளுக்கு வெகுநேரம் பிடிக்கிறது. வயசாகிறது, பாவம்.

இனிமேல்தான் என் தப்பு மாடி மேல் மாடியாக வளர்ந்தது. உயரம் பிடித்த ஜீவன் கண்ணாடியில் தொற்றிக்கொண்டு கஷ்டப்படுகிறதே என்று நான் பஞ்சுவுக்குச் சாரம் கட்டிக் கொடுத்தேன். கட்டடத்துக்கு வெளியே ஆட்கள் நின்று வேலை செய்யக் கட்டுவோமே, அதே மாதிரி. விளக்குமாற்றுக் குச்சியை அளவாக வெட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, தட்டுக்குத் தட்டு அட்டைப் பலகை போட்டு, தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்துப் பார்த்து, மூடி வரைக்கும் எழுப்பினேன். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்த மும்முரத்தில், பஞ்சுவின் சாப்பாட்டுக்கு உள்ளே விட்டிருந்த சில்வண்டு ஒன்று தப்பித்துப்போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குடியேறிவிட்டது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, உங்கள் அத்தை பாத்திரம் தேய்க்கும்போது கூடவே பாடுகிறது. அன்றைக்கு நீங்கள் போனில், "மண்ணு எப்படி மாமா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டீர்கள். "கெட்டியா இருக்கு" என்றேன். "ஈரம் ஏதும்..." என்று இழுத்தீர்கள். "சேச்சே" என்றேன். "சரிங்க மாமா" என்றீர்கள். அந்தச் 'சரிங்க' கொஞ்சம் நீளமாக இருந்ததாக இப்போது தோன்றுகிறது.

விழுந்தது ஒரு மத்தியானம். மேல் தட்டுப் பலகை ஒன்று சரிந்திருந்தது, அதைச் சரிசெய்யலாம் என்று மூடியைத் தூக்கினேன். மூடியின் அடியில் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பிடி நழுவி, என் சாரத்தின் ஒவ்வொரு தட்டிலும் இடித்துக்கொண்டு, சொத்தென்று கீழே விழுந்தது. கால்களைச் சுருக்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு, அதுவரைக்கும் பெட்டியின் பக்கமே வராத உங்கள் அத்தை, கையில் கரண்டியோடு ஓடிவந்து, கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"மூச்சு இருக்கா பாருங்க" என்றாள்.

"எது வழியா மூச்சு விடும்னே தெரியலியே" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உக்காந்து அழுதா ஆச்சா? மருந்துக்கடைத் தெருவுல மாடில ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். பாம்பு, பல்லி எல்லாம் பாப்பாங்களாம். எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. அவளை ஆட்டாம எடுத்துட்டுப் போங்க." பஞ்சுவை அவள் 'அவள்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாம்பு டாக்டரின் விலாசம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் நாயோடு ஒரு அம்மாள், கிளிக்கூண்டோடு ஒரு பெரியவர். என் மடியில் துணி போட்டு மூடிய டப்பா. "உங்களுது என்னங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். துணியை விலக்கிக் காட்டினேன். நாயைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கே போய்விட்டாள், எனக்கு முறை சீக்கிரம் வந்தது. டாக்டரம்மா எங்கள் மகள் வயசுதான் இருப்பாள். விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, பஞ்சுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். சாரம் என்கிற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுங்கள்ல மரம் ஏறுற ஜாதி தனியா இருக்கு. இது தரைல குழி தோண்டி உள்ள இருக்கிற ஜாதி. இது மேல ஏறுதுன்னா ஏற ஆசைன்னு அர்த்தம் இல்ல, கீழ இருக்க முடியலன்னு அர்த்தம். மண்ணு ஈரமா இருக்கா?"

"கியூரிங் பண்ணினேன்" என்றேன்.

"எதுக்கு?"

"வெடிச்சிரக் கூடாதுன்னு."

அவள் பூதக்கண்ணாடியையும் கீழே வைத்தாள். "இதோட வயிறு தண்ணி ரொப்பின பலூன் மாதிரி. ஒரு சாண் உயரத்துல இருந்து விழுந்தாலே சில சமயம் கிழிஞ்சிரும். நல்லவேளை, வெளில கிழிசல் ஒண்ணும் தெரியல. உள்ள எப்படின்னு போகப் போகத்தான் தெரியும். இதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தரலியா?"

"எங்க மாப்பிள்ளை அரை மணி நேரம் சொல்லித் தந்தார் டாக்டர்."

"அப்புறம்?"

"நான் அவர் முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

காய்ந்த மண், ஆழமாக, மூடிக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி கம்மியாக என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து சாரத்தைப் பிரித்தேன். ஈர மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் கொண்டுவந்தேன். உங்கள் அத்தை மாவு சலிக்கிற சல்லடையை எடுத்து, நான் கேட்காமலே, அதைக் கல் இல்லாமல் சலித்துக் கொடுத்தாள். பஞ்சு இரண்டு நாள் யோசித்தது. அப்புறம் தோண்டத் தொடங்கியது. இந்தத் தடவை நான் கரணையைத் தொடவில்லை, ரசமட்டத்தைப் பரண்மேல் போட்டுவிட்டேன், நாற்காலியில் உட்கார்ந்து சும்மா பார்த்தேன். சரிவாக ஒரு வாசல், உள்ளே ஒரு வளைவு, அதற்கப்பால் கண்ணாடி ஓரமாக ஒரு அறை, உள்சுவர் முழுக்க மண் உதிராதபடி தன் நூலாலேயே ஒரு பூச்சு. நான் பார்த்த கட்டடங்களில் பூச்சு வேலை இவ்வளவு சுத்தமாக எங்கேயும் இருந்ததில்லை. அது வேலை செய்யும்போது நான் பேச்சுக் கொடுப்பேன். கட்டட வேலைக் கதை, என் முழங்கால் வலி, மகள் சின்ன வயசில் செய்த அட்டகாசம், உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்ததெல்லாம் அதனிடம் சொன்னேன். அதுவும் உங்கள் மாதிரியேதான், மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது.

அப்புறம் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டது. வாசலில் மண்ணை இழுத்துப் போட்டு, மேலே நூலால் நெய்து, உள் அறைக் கண்ணாடியையும் மண்ணால் மறைத்துவிட்டது. எலி வளைக்குக்கூட இவ்வளவு காவல் இருக்காது. அன்றிலிருந்து வெளியே வரவில்லை. சில்வண்டை விட்டால் அது கதவுமேல் ஏறி நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. நாளாகிக்கொண்டே போகிறது. எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது மாப்பிள்ளை. அன்றைக்கு விழுந்ததில் உள்ளே அடிபட்டிருக்கிறது, சாகிற நேரத்தில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒதுங்கிப் போய்விட்டது. மண் சரிந்து உள்ளே ஆள் சிக்கினால் மண்வெட்டியை எடு என்பதுதான் நான் படித்த ஒரே பாடம். நேற்றைக்குக் கரணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நோண்டாதீங்க."

"உள்ள செத்துக் கிடந்தா?"

"செத்திருந்தா நாளைக்கும் செத்துத்தான் இருக்கும். அதுல என்ன அவசரம்? உயிரோட இருந்தா நீங்க நோண்டித்தான் சாகும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவைச் சாத்திக்கிட்டவங்களைத் தட்டித் தட்டிக் கேக்குறதே உங்க பொழப்பாப் போச்சு. நான் குளிக்கப் போனாக்கூட, 'இருக்கியா'ன்னு வெளில நின்னு கேக்குற ஆளுதானே நீங்க" என்று சொல்லி, கரணையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் உடனே லீவு போட்டுவிட்டு வந்து, உங்கள் கையால் திறந்து பார்க்க வேண்டும். இருந்தால் உங்களோடு எடுத்துப் போய்விடுங்கள், வேறு வீடாவது பாருங்கள், என் மாதிரி ஆளிடம் மட்டும் இனி விடாதீர்கள். இல்லாவிட்டாலும் உங்கள் கையாலேயே எடுங்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. இவ்வளவு பெரிய அழகை ஒரு குப்பித் தண்ணீரால் கெடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைத் திட்டுவதானால் நல்ல சத்தமாகத் திட்டுங்கள். அன்றைக்கு மாதிரியே அரை மணி நேரம் திட்டினாலும் சந்தோஷமாக நின்று கேட்பேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "சரிங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

எங்கள் மகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லவும். அவள் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கூரை ஒழுகாமல், சுவர் விரிசல் விடாமல், ஒருவருக்கொருவர் முட்டுக்கொடுத்துக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அத்தையின் ஆசிகளும் இதில் அடக்கம்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குத் தகுதியில்லாத,
மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஆசிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். உறையை ஒட்டிக் கூரியருக்குக் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். "இங்க வாங்க" என்று உங்கள் அத்தை கூப்பிட்டாள். கதவு உடைந்திருந்தது. வாசலுக்கு வெளியே பஞ்சு எட்டுக் காலையும் சுருட்டிக்கொண்டு கிடந்தது. என் பயம் நிஜமாகிவிட்டது என்று கையை உள்ளே விட்டு எடுத்தேன். கனமே இல்லை. கழற்றிப் போட்ட கையுறை மாதிரி உள்ளே ஒன்றுமே இல்லை. கால் இருக்கிறது, ரோமம் இருக்கிறது, ஆள் இல்லை. என்ன ஏது என்று விளங்குவதற்குள் வளையின் இருட்டிலிருந்து புத்தம்புது வெல்வெட்டில் இரண்டு கால் வெளியே வந்தன. முன்னைவிடப் பெரிய கால்கள். சட்டையைக் கழற்றத்தான் அது கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

எனக்குச் சொல்லாமல் உங்கள் அத்தை இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "மாப்பிள்ளை, நீங்க சொன்ன மாதிரியே சட்டை கழட்டிட்டா" என்றாள். போனிலிருந்து உங்கள் குரல் மழை மாதிரி கொட்டியது. "வயிறு சின்னதாயிருக்கா அத்தை? பல்லு வெள்ளையா இருக்கும், பாத்தீங்களா? அது கெட்டியாகிற வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க, சில்வண்டு உள்ள இருந்தா எடுத்துருங்க, அதுவே அவளைக் கடிச்சிரும். மாமா நோண்டலியே? மாமா சாப்பிட்டாரா?" உங்கள் அத்தை, "அவர் பக்கத்துலதான் நிக்கிறார்" என்றாள். குரல் நின்றது. கொஞ்சம் மூச்சுச் சத்தம். அப்புறம், "சரிங்க மாமா."

துணி காயப்போட ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று இப்போது தெரிந்துவிட்டது. மண் காயட்டும் என்றது நீங்கள், டாக்டரம்மாவைத் தேடிச் சொன்னது நீங்கள், நோண்டக் கூடாது என்றதும் நீங்கள். "மாமா மனசு கஷ்டப்படும், அவரே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்" என்று வேறு சொன்னீர்களாம். நான் ஜம்முனு இருக்கு, ஜம்முனு இருக்கு என்று சொன்ன அத்தனை நாளும் எல்லாம் தெரிந்துகொண்டே "சரிங்க மாமா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது, அத்தைக்கு மட்டும் அவ்வளவு பேச்சா என்று பொறாமையாகவும் இருக்கிறது.

முதலில் தள்ளிவைத்த அந்த வரியை இப்போது எழுதுகிறேன். பஞ்சு நலம்.

அதை எடுத்துப் போக நீங்கள் வர வேண்டியதில்லை. அத்தை விடமாட்டாள், நானும் விடமாட்டேன். ஆனால் நீங்கள் அவசியம் வாருங்கள். அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்த நாற்காலியைப் பெட்டி பக்கத்தில் அதே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த அரை மணி நேரப் பேச்சை மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். இந்தத் தடவை உங்கள் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன்.